மண்டபம், பாம்பன் பக்கம் ஸ்நார்க்கெலிங்: மாஸ்க் முதல் பவளப்பாறை வரை

மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு, நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பதுதான் ஸ்நார்க்கெலிங். அதற்கு முதலில் காற்றைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கிவிடும். அப்போது வடகடல், அதாவது பாக் விரிகுடாதான் தோது. வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ்.

மாஸ்க் சரியில்லையென்றால் மற்ற எதுவும் உதவாது. வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள்; கையை எடுத்த பிறகும் ஒட்டி நிற்க வேண்டும். மீசைக்காரர்களுக்கு மூக்கடியில் தண்ணீர் கசியும். அங்கே கொஞ்சம் வாசலின் தடவினால் பெரும்பாலும் அடங்கும். வாரை இறுக்குவது தீர்வல்ல, அது சிலிக்கான் ஓரத்தை நெளித்துக் கசிவைக் கூட்டும். கண்ணாடி பனிக்காமலிருக்க உள்பக்கம் எச்சில் தேய்த்து, கடல்நீரில் ஒருமுறை அலசினால் போதும்.

குழாயில் தண்ணீர் புகுந்தால் பதறாமல் "தூ" என்று ஒரே வீச்சில் ஊதுங்கள். ஊதுவதற்கு நெஞ்சில் எப்போதும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்கட்டும். முங்கும்போது காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறக்க வேண்டும். வலித்தால் மேலே வந்துவிடுங்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுப்பது ஆபத்து, நீருக்குள்ளேயே மயக்கம் வரும். தனியாக இறங்கவே கூடாது.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள், அது உயிர். ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) கிளப்பும் மணல்கூட அதை மூச்சுமுட்டச் செய்யும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அங்கே போகக்கூடாது. செத்த பவளத்துண்டை எடுத்து வருவதும் குற்றம்தான்.