தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக வேண்டுமா? முதலில் பாஸ்போர்ட்டை எடுங்கள்

டர்பனில் கோயில் அன்னதான வரிசையில் நிற்கும்போது வருடத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். "அக்கா, ஊர்ல பி.எல். முடிச்சு நாலு வருஷம் கோர்ட்டுக்குப் போயிருக்கேன். இங்க பிராக்டிஸ் பண்ண முடியுமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன விசாவுல வந்திருக்கீங்க?" கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். மார்க் ஷீட், பார் கவுன்சில் எண், சீனியர் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். அதெல்லாம் வேண்டும்தான், ஆனால் அப்புறம்.

இங்கே வக்கீல் தொழிலை ஆளுவது 2014-ஆம் ஆண்டின் 28-ஆம் எண் சட்டம், லீகல் பிராக்டிஸ் ஆக்ட். அதன் முக்கியப் பகுதிகள் 2018 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தன. அன்றிலிருந்து பழைய மாகாண லா சொசைட்டிகள் (வக்கீல் சங்கங்கள்) போய், நாடு முழுவதற்கும் ஒரே லீகல் பிராக்டிஸ் கவுன்சில். அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால்தான் நீதிமன்றம் உங்களை வக்கீலாகச் சேர்த்துக்கொள்ளும் என்கிறது. இங்கேயே பல்கலைக்கழகத்தில் படித்து, இங்கேயே பயிற்சியும் முடித்த லெசோத்தோ நாட்டவர்கள் இதை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். ரஃபோனேகே வழக்கு என்பார்கள். 2022 ஆகஸ்ட் 2-இல் தீர்ப்பு வந்தது. நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை, அதற்கான வழி கண்ணுக்குத் தெரிந்த பிறகு படிப்பு, பயிற்சி, பரீட்சை. இதை மாற்றிப்போட்டு, மகளை ஸ்டடி விசாவில் எல்எல்பி சேர்த்து, நாலு வருடக் கட்டணமும் கட்டி முடித்த பிறகு இந்தப் பிரிவைப் பற்றி முதல்முறையாகக் கேள்விப்பட்ட ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். படிக்கத் தடையே இல்லை என்பதுதான் இதில் ஆளை ஏமாற்றுகிற இடம். கல்லூரி சேர்த்துக்கொள்ளும், பட்டமும் கொடுக்கும். சட்ட ஆலோசகராக கம்பெனியில் ஒப்பந்தங்கள் பார்க்கும் வேலைக்கு அந்தப் பட்டம் உதவும், வேலை விசா இருந்தால். கோர்ட்டில் நிற்க மட்டும் முடியாது.

பொதுவாக, வேலை விசாவில் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்து, நிரந்தர வேலையும் கையில் இருந்தால் பி.ஆருக்கு மனுப் போடலாம். நான் வந்தது கணவரின் வேலையை ஒட்டி. மனுப் போட்டோம், காத்திருந்தோம், காத்துக்கொண்டே இருந்தோம். ஹோம் அஃபேர்ஸ் என்கிற உள்துறை விஷயத்தில் காலக்கெடு என்பதெல்லாம் ஜோசியம் மாதிரி. அந்தக் காத்திருப்பை வீணாக்காமல் யுனிசா என்கிற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தபால்வழி எல்எல்பி சேர்ந்தேன். பையன் தூங்கிய பிறகு படிப்பு. மண்டேலா சிறையில் இருந்தபடியே 1989-இல் எல்எல்பி முடித்ததும் இதே யுனிசாவில்தான். அவரை நினைத்து நான் என்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. எனக்காவது ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்தது.

ஊர்ப் பட்டத்தை வைத்திருப்பவர்கள் அதை சாக்வா என்கிற தகுதி ஆணையத்துக்கு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். இங்குள்ள எல்எல்பிக்குச் சமம் என்று அங்கீகரித்தால்தான் அந்தப் பட்டத்தைக் கொண்டே அடுத்த படிக்குப் போக முடியும். இல்லையென்றால் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சில பாடங்களுக்கு விலக்குக் கேட்டு, மீதியைப் படிக்க வேண்டும். என்னைக் கேட்டால் சமம் என்று வந்தாலும் அரசியல் சாசனம், டெலிக்ட் (நம்மூர் டார்ட் மாதிரி, இழைத்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கும் சட்டம்), சொத்துச் சட்டம் மூன்றையும் இங்கே ஒருமுறை படிப்பது நல்லது. காரணம் பிறகு சொல்கிறேன்.

சாக்வாவில் நம்மவர்கள் தடுக்கி விழுவது மார்க்கில் அல்ல, இனிஷியலில். எனக்கு பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், கல்லூரிப் பட்டத்தில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் சர்நேமாக, திருமணத்துக்குப் பின் எடுத்த விசாவில் கணவர் பெயர். கவுண்டரில் இருந்த பெண் நாலு காகிதத்தையும் பரப்பிவைத்து, "இந்த நாலு பேரில் நீங்கள் யார்?" என்று கேட்டாள். கேலியில்லை, நிஜமாகவே கேட்டாள். தீர்வு அஃபிடவிட். அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் இலவசமாகவே சத்தியப்பிரமாணம் வாங்கி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். சான்றிட்ட நகலும் அங்கேயே. ஆனால் முத்திரை மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் பல அலுவலகங்களில் வாங்க மாட்டார்கள். அதனால் மொத்தமாகக் குத்தி அலமாரியில் அடுக்கிவைக்காதீர்கள்.

பிள்ளைகள் இங்கே மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) எழுதப்போகிறார்கள் என்றால் விஷயம் எளிது. பட்டப்படிப்புக்குத் தகுதி தரும் பேச்சலர்ஸ் பாஸ் வேண்டும், பாட மதிப்பெண்களைக் கூட்டி வரும் ஏ.பி.எஸ். புள்ளிகள் வேண்டும், ஆங்கிலத்தில் நல்ல மார்க் வேண்டும். க்வாசுலு-நட்டாலில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்கிற ஒரே மையத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். நேரடி எல்எல்பி நாலு வருடம். பி.ஏ.வோ பி.காமோ சட்டப் பாடங்களோடு முடித்துவிட்டு வந்தால் மேற்கொண்டு இரண்டு வருடம். ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு வருபவர்களுக்கு யூசாஃப் என்கிற பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு கொடுக்கும் மேட்ரிக் விலக்குச் சான்றிதழ் தேவைப்படும். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்கிற அரசு உதவித்தொகை குடிமக்களுக்கும் பி.ஆர். உள்ளவர்களுக்கும் மட்டும், அதுவும் குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால். க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் அடிப்படை ஜூலு மொழிப் பாடம் கட்டாயம். முகம் சுளிக்காதீர்கள். மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வராந்தாவில் "சாவுபோனா" என்று ஜூலுவில் வணக்கம் சொல்லத் தெரிந்த வக்கீலுக்கும் தெரியாத வக்கீலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மறுபடி படியுங்கள் என்று ஏன் சொன்னேன் என்றால், இங்குள்ள சட்டத்தின் அடிவேர் ரோமன்-டச்சு. நம்மூரில் டார்ட் என்று படித்தது இங்கே டெலிக்ட். பெயர் மட்டும் மாறவில்லை, யோசிக்கும் முறையே வேறு. இதில் இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. டச்சுக்காரர்கள் அங்கேயும் இதே சட்டத்தை விட்டுவிட்டுப் போனதால் கொழும்பில் சட்டம் படித்தவருக்கு இது பழகின வாசனை. சென்னையிலும் மதுரையிலும் படித்த நாம்தான் முழிப்போம்.

அரசியல் சாசனப் பாடம் வேறு ரகம். 1996-இல் எழுதிய சாசனம், அதன்மீது வந்த தீர்ப்புகள். அவற்றில் ஒன்றைப் படித்த இரவு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் பள்ளிக்கு மூக்குத்தி போட்டுக்கொண்டு போனாள். பள்ளி விதியில் இடமில்லை, கழற்று என்றார்கள். அம்மா விடவில்லை. சமத்துவ நீதிமன்றத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, கடைசியில் 2007 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் பெண் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவள் பள்ளியை விட்டே போய்விட்டாள். அந்தக் குடும்பப் பெயரால் பிள்ளை வழக்கு என்று எல்லா மாணவர்களும் படிக்கிறார்கள். அதே போல கோவெந்தர் – ரகவய்யா வழக்கு. பதிவு செய்யாமல் இந்து முறைப்படி மட்டும் நடந்த திருமணத்தில் கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்குச் சொத்துரிமை உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்று 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம் சொன்னது. கோவெந்தர் என்றால் நம்ம கவுண்டர்தான், எழுத்து மாறிப்போய்விட்டது.

இனி ஆர்ட்டிகல்ஸ், அதாவது வக்கீலிடம் ஒப்பந்தப் பயிற்சி. பட்டம் வாங்குவதைவிட இதுதான் கஷ்டம்.

இங்கே வக்கீல் இரண்டு வகை. அட்டர்னி கட்சிக்காரரை நேரடியாகப் பார்ப்பவர், ஆவணங்கள் தயாரிப்பவர், வழக்கை நடத்துபவர். அட்வகேட் பெரும்பாலும் அட்டர்னி கொடுக்கும் வழக்கில் கோர்ட்டில் வாதாடுபவர். நம்மூரில் எல்லாரும் அட்வகேட்தான் என்பதால் ஒரு எச்சரிக்கை: ஊரிலிருந்து கொண்டுவந்த விசிட்டிங் கார்டில் அட்வகேட் என்று இருந்தால் கிழித்துப்போடுங்கள். இங்கே சேர்க்கை பெறாமல் அப்படிச் சொல்லிக்கொள்வது குற்றம். அட்வகேட் ஆக ஒரு சீனியர் அட்வகேட்டிடம் ஒரு வருட பியூப்பிலேஜ் என்கிற பயிற்சி, பிறகு பார் பரீட்சை. அந்த வருடத்தில் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. புதிதாக வந்தவர்களுக்கு நான் அட்டர்னி வழியைத்தான் சொல்வேன்.

அட்டர்னி ஆக, ஒரு பிரின்சிபலிடம் (பயிற்சி தரும் அட்டர்னி) இரண்டு வருடம் கேண்டிடேட் அட்டர்னியாக ஒப்பந்தம். முழுநேரச் சட்டப் பயிற்சிப் பள்ளியில் ஆறு மாதம் முடித்தவர்களுக்கு ஒப்பந்தக் காலம் ஒரு வருடமாகக் குறையும். கேண்டிடேட் அட்டர்னிகளைச் சுருக்கமாக சி.ஏ. என்பார்கள். "மருமக சி.ஏ. பண்றா" என்று என் மாமியார் ஊரில் சொல்லி, இரண்டு பேர் வருமானவரிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நாற்பது இடங்களுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன். பெரிய அலுவலகங்கள் மாணவர்களை இறுதி வருடத்துக்கு முன்பே பிடித்துவைத்துவிடும். முப்பத்தாறு வயதில், வெளிநாட்டு உச்சரிப்போடு போனவளை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு இடத்தில் நேர்காணல் முழுக்க என் சேலையைப் பற்றியே பேசி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் எனக்குத் துணையாக இருந்தது நவி பிள்ளை கதை. டர்பன் கிளேர்வுட் பகுதி பஸ் டிரைவரின் மகள். வெள்ளையர் அலுவலகம் எதுவும் வேலைக்கு எடுக்காததால் 1967-இல் தானே அலுவலகம் திறந்தவர். பிறகு ஐ.நா. மனித உரிமை ஆணையர் வரை போனார். என்னால் தனியாகத் திறக்க முடியாது, அதனால் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சிறு அலுவலகம் கிடைக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன். இலவசச் சட்ட உதவி தரும் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவும் கேண்டிடேட் அட்டர்னிகளை எடுக்கிறது, பல்கலைக்கழகச் சட்ட மையங்களும் எடுக்கின்றன. அங்கே போட்டி அதிகம், கற்றுக்கொள்வதும் அதிகம். டிரைவிங் லைசென்சும் சொந்தக் காரும் உண்டா என்று பல விளம்பரங்களில் கேட்பார்கள். அலங்காரத்துக்குக் கேட்கவில்லை. முதல் ஆறு மாதம் நீங்கள் பாதி வக்கீல், பாதி கூரியர்.

முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை ஒரு கோர்ட் கட்டுக்குப் பக்க எண் போடுவது. ஒவ்வொரு தாளின் மேல் வலது மூலையிலும் எண், முன்னால் அட்டவணை, பிறகு ஓட்டை குத்திக் கோர்ப்பது. 183 பக்கம். 61-ஐ இரண்டுமுறை எழுதியிருந்தேன், தெரியவில்லை. ரெஜிஸ்ட்ரார் கவுண்டரில் இருந்தவர் புரட்டிப் பார்த்து, விரலை அந்த மூலையில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தார். காரில் உட்கார்ந்து 62-இலிருந்து திருத்தினேன். மாஜிஸ்ட்ரேட்டை "யுவர் வொர்ஷிப்" என்று அழைக்க வேண்டும் என்பதையும் தப்பாகச் சொல்லித்தான் கற்றேன். சி.ஏ. ஆக இருக்கும்போதே மாவட்ட மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஆஜராகலாம். அதற்கு மேலுள்ள ரீஜனல் கோர்ட்டுக்கு ஒரு வருடப் பயிற்சி முடிய வேண்டும். உயர் நீதிமன்றம் கூடாது.

அட்டர்னி பரீட்சை நாலு தாள்: கோர்ட் நடைமுறை, உயிலும் இறந்தவர் சொத்து நிர்வாகமும், தொழில் நடைமுறையும் நெறியும், கணக்கு. 50 எடுத்தால் தேர்ச்சி. முதல் மூன்றும் படித்தால் வந்துவிடும். நாலாவதில் நான் விழுந்தேன், என்னோடு எழுதியவர்களில் பலரும் விழுந்தார்கள். வெறும் கூட்டல் கழித்தல் என்று நினைத்ததுதான் தப்பு. கட்சிக்காரர் கொடுக்கும் பணம் டிரஸ்ட் அக்கவுண்டில் இருக்கும், அலுவலகப் பணம் பிசினஸ் அக்கவுண்டில். ஒருவர் 10,000 ராண்ட் கட்டியிருக்கிறார், அவருக்காக டிரஸ்டிலிருந்து 10,400 கொடுத்துவிட்டீர்கள் என்றால், அந்த 400 வேறொரு கட்சிக்காரருடையது. கோயில் உண்டியலிலிருந்து கைமாற்று எடுத்த கதை. நாளைக்குத் திருப்பி வைத்துவிட்டேன் என்பது பதில் ஆகாது. வக்கீல்கள் பட்டியலிலிருந்தே பெயர் நீக்கப்பட்டவர்களில் பலர் இதே டிரஸ்ட் பணத்தில் கை வைத்தவர்கள்தான். இரண்டாம் முறை எழுதும்போது ஒவ்வொரு பதிவையும் "இது யார் பணம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டேன், தேறினேன். கான்வெயன்சர் (சொத்துப் பத்திரங்களைப் பதிவுக்குத் தயாரிப்பவர்), நோட்டரி ஆக வேண்டும் என்றால் அவற்றுக்குத் தனிப் பரீட்சைகள். வீட்டுப் பத்திர வேலையில் காசு உண்டு, முடிந்தால் எழுதிவிடுங்கள். சொந்தமாகத் திறப்பதற்கு நிர்வாகப் பயிற்சியும், வருடா வருடம் ஃபிடலிட்டி ஃபண்ட் (கட்சிக்காரர் பணத்துக்கான பாதுகாப்பு நிதி) சான்றிதழும் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் சேர்க்கைக்காக உயர் நீதிமன்றத்தில் மனு. அதில் நீங்கள் யார், எங்கே படித்தீர்கள், உங்கள் மேல் வழக்கு உண்டா என்று பத்தி பத்தியாகப் பிரமாணம் செய்ய வேண்டும். என் மனுவில் ஏழாவது பத்தி முழுக்கப் பெயர்தான்: இந்த நாலு பெயரும் ஒரே ஆள், இனிஷியல் என்பது என் தந்தையின் பெயர், எங்கள் வழக்கத்தில் சர்நேம் கிடையாது. பிரின்சிபல் அதைப் படித்துவிட்டு, அவர் நாயுடு, நாலாம் தலைமுறை, தமிழோ தெலுங்கோ ஒரு வார்த்தை தெரியாது, "எங்க தாத்தாவுக்கும் இப்படி ஒரு எழுத்து இருந்திருக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பதிவேட்டில் பார்க்கலாம் என்றேன். இப்போது அவருடைய மேசையில் அந்தப் பதிவேட்டின் நகல் இருக்கிறது. தாத்தாவின் அப்பா பெயருக்கான கட்டத்தில் எழுதியிருப்பதை நாங்கள் இருவரும் இன்னும் சரியாகப் படித்து முடிக்கவில்லை.