பயமா இருந்துச்சா என்று கேட்காதீர்கள்: ஊடாடும் திகில் கதையை வாசகரிடம் சோதிப்பது எப்படி

திகில் கதையை நண்பர்களுக்கு அனுப்பி "பயமா இருந்துச்சா?" என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் வரும். பிரியமுள்ளவர்கள் "செமயா இருக்கு" என்பார்கள். வீம்புக்காரர்கள் "எனக்கெல்லாம் பயமே வராது" என்பார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. வாசகரே தொட்டு நகர்த்தும் கதையில் இதைவிட நல்ல சாட்சி உண்டு: அவருடைய விரல். எங்கே தயங்கியது, எதைத் தொடாமல் விட்டது, எங்கே பின்னால் போனது என்று பாருங்கள். திருத்த வேண்டிய இடங்கள் அதில் தெரியும்.

நான் ட்வைனில் எழுதுகிறேன். கிரிஸ் கிளிமாஸ் 2009-இல் வெளியிட்ட இலவசக் கருவி அது. எழுதி முடித்ததும் மொத்தக் கதையும் உலாவியில் திறக்கும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாகக் கிடைக்கும். கடைசியாக நான் எழுதியது கால் மணி நேரக் கதை. பாட்டி இறந்தபின் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, மின் மீட்டரைப் பார்த்துவிட்டு வரப் பேத்தி போகிறாள். அடுக்களையில் ஆட்டுக்கல் ஈரமாக இருக்கிறது. குழியில் மாவு. 'தொட்டுப் பார்', 'கழுவி விடு', 'வெளியே போ' என்று மூன்று லிங்க். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கதையை வாசித்தவர்களைப் பார்த்துக் கற்றதுதான்.

முதலில் கதையை அவர்கள் கையில் சேர்க்க வேண்டும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சில ஃபோன்களில் வெறும் முன்னோட்டமாகத் திறந்து லிங்க் வேலை செய்யாமல் போகும். விளையாட்டுகளையும் இத்தகைய கதைகளையும் வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றி, கடவுச்சொல் போட்டு, வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுங்கள். ஒலி சேர்த்திருந்தால் முதல் பக்கத்தில் 'தொடங்கு' என்று ஒரு லிங்க் அவசியம். பயனர் ஒரு தடவை எதையாவது தொடும் வரை பெரும்பாலான உலாவிகள் ஒலியைத் தானாக ஓட விடாது.

வாசகர்களில் எல்லோரும் திகில் பிரியர்களாக இருக்க வேண்டாம். விளையாட்டுப் பக்கமே போகாத ஒருவர், வேகமாகத் தட்டிக்கொண்டே போகும் ஒருவர், இருட்டுக்குப் பயப்படும் ஒருவர் என்று கலந்து பிடியுங்கள். கதையில் குழந்தைக்குத் துன்பமோ தற்கொலையோ வந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அண்மையில் வீட்டில் சாவு கண்டவருக்கு என் கதையை நான் அனுப்பவே மாட்டேன்.

அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். இதுதான் கஷ்டம். அவர் குழம்பும்போது "அந்த லிங்க்கைத் தொடுங்க" என்று வாய் வரை வரும். சொல்லாதீர்கள், அந்தக் குழப்பம்தான் உங்களுக்கு வேண்டிய தகவல். தட்டச்சு செய்து விளையாடும் பழைய உரைக்கதைகளில் இதற்கு அருமையான வழக்கம் ஒன்று உண்டு. சோதிப்பவர் ஒரு கட்டளை கொடுத்தால் அவர் அடித்தது, கதை பதிலளித்தது எல்லாம் கோப்பில் பதிவாகும். நடுவில் நட்சத்திரக் குறி போட்டுத் தன் கருத்தையும் எழுதிவைப்பார். ட்வைனில் அப்படிப் பதிவாவதில்லை. தூரத்தில் இருப்பவரிடம் ஃபோனின் திரைப்பதிவை ஓடவிட்டு, மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதலும் ஐஓஎஸ் 11 முதலும் அந்த வசதி ஃபோனிலேயே இருக்கிறது.

பார்க்கும்போது நான் மூன்றைக் குறித்துக்கொள்வேன்: நின்ற இடம், சிரித்த இடம், திரும்பிப் போன இடம்.

சிரிப்பு இரண்டு வகை. சிரித்துவிட்டு மெதுவாக அடுத்ததைத் தொட்டால் பயத்தை இறக்கி வைக்கிறார் என்று அர்த்தம், அந்த இடத்தைத் தொடாதீர்கள். சிரித்துவிட்டு வேகமாகத் தட்டினால் கதை அவரை இழந்துவிட்டது. தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த இரண்டாவது சிரிப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வரும். எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் விழும் உத்தி இருக்கிறதே, சாதாரண நிரலில் அது தமிழைக் குதறும். 'பேய்' என்பது முதலில் 'ப', பிறகு 'பே', 'பேய', கடைசியில்தான் 'பேய்' என்று வரும். கொம்பு பின்னால் வந்து முன்னால் குதிப்பதைப் பார்த்தால் யாருக்குப் பயம் வரும்? உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்டல்.செக்மென்ட்டர் என்ற வசதி முழு எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. அது கைவராவிட்டால் வரி வரியாகக் காட்டுங்கள். வரிகளுக்கிடையே காத்திருப்பையும் நீட்டாதீர்கள். நிசப்தம் என்று நாம் நினைத்து வைத்த இடைவெளியில் ஒருவர் "ஃபோன் மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு மூடப் போனார்.

வேகமாகத் தட்டுபவரைத் திட்ட வேண்டாம், அவரிடம் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கண் முதலில் போவது நிறம் மாறிய லிங்க்குக்குத்தான், பத்தியைப் பிறகுதான் படிக்கிறார். பல சமயம் படிப்பதே இல்லை. ஆகவே முக்கியமான தடயத்தைப் பத்தியின் நடுவில் புதைக்காமல் லிங்க் சொல்லிலேயே வையுங்கள். 'அடுக்களைக்குப் போ' என்பதைவிட 'விளக்கெரியும் அடுக்களைக்குப் போ' மேல். மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடு என்று முன்பே படித்தவர் அங்கே நிற்பார்.

திரும்பிப் போவது தனிப் பிரச்சினை. ட்வைனில் கதையின் தோற்றத்தையும் இயக்கத்தையும் தீர்மானிக்கும் கதை வடிவங்களான ஹார்லோ, சுகர்கியூப் இரண்டுமே பின்னால் போகும் அம்புக்குறியைத் தானாகவே வைக்கின்றன. ஒரு தடவை செத்துப்பார்த்து, அம்பைத் தொட்டு உயிர்பெற்ற வாசகருக்கு அதன்பின் எந்தத் தேர்வும் கனப்பதில்லை. குறுங்கதையில் அந்த அம்பை எடுத்துவிட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. பதிலுக்கு 'வந்த வழியே போ' என்று நீங்களே ஒரு லிங்க் கொடுத்து, அதே அறையைச் சிறு மாற்றத்தோடு புதுப் பக்கமாக எழுதுங்கள். சாத்தியிருந்த சன்னல் திறந்திருக்கட்டும், அது போதும். "பின்னாடி போனேன், ஆனா அதே ரூம் இல்ல" என்று வாசகர் சொன்னால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

படித்து முடித்ததும் கேள்வி. முதல் கேள்வி எப்போதும் "என்ன நடந்துச்சுன்னு எனக்கே கதையாச் சொல்லுங்க". அவர் விட்டுவிடும் சம்பவம் அவர் மனதில் நிற்கவில்லை. தவறாக நினைவில் வைத்திருப்பது உங்கள் கதையைவிடப் பயங்கரமாக இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, "எந்த இடத்துல வேற ஏதாவது செய்யத் தோணுச்சு, ஆனா அங்க அது இல்ல?" என்று கேளுங்கள். என் சித்தி ஆட்டுக்கல் பக்கத்தில் வெகு நேரம் நின்றார். கேட்டபோது, "மாவு புளிச்சிருந்துச்சான்னு நீ சொல்லவே இல்லையேம்மா" என்றார். புளித்திருந்தால் நேற்று ராத்திரி அரைத்தது. புளிக்கவில்லை என்றால் இப்போதுதான் யாரோ அரைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். 'முகர்ந்து பார்' என்று நான்காவது லிங்க் சேர்த்தேன். தொட்டால் ஒரே வரி: மாவு இன்னும் புளிக்கவில்லை. அதற்குப் பிறகு படித்தவர்கள் பெரும்பாலும் நின்றது அந்த வரியில்தான்.

"ஏமாத்திட்டீங்க" என்ற குரல் வந்தால் கவனமாகக் கேளுங்கள். எதைத் தொட்டாலும் ஒரே இடத்துக்குப் போகிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். போகலாம், தப்பில்லை. தப்பிக்க வழியில்லாதது திகிலுக்கு உகந்தது. ஆனால் அவர் செய்ததைக் கதை நினைவில் வைத்திருக்க வேண்டும். மாவைக் கழுவியவருக்குக் கடைசிப் பக்கத்தில் 'உன் கை இன்னும் ஈரமாக இருக்கிறது' என்று ஒரு வரி, தொட்டவருக்கு வேறு வரி. ஒரு மாறியில், அதாவது கதை தகவலை நினைவில் வைக்கும் பெயரிட்ட இடத்தில், குறித்துவைத்தால் முடிந்தது. முடிவு ஒன்றே என்றாலும், தான் செய்தது கணக்கில் வந்திருக்கிறது என்று வாசகருக்குப் புரியும்.

எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டியதில்லை. பேய் யார் என்று விளக்கச் சொல்வார்கள். நான் விளக்க மாட்டேன். அதே பக்கத்தில் இரண்டு பேர் தனித்தனியே தடுமாறினால் மட்டும் உடனே திருத்துவேன். ஒருவர் தடுமாறினால் இன்னொருவர் படிக்கும் வரை காத்திருப்பேன்.

திருத்திய கதையை முதலில் படித்தவர்களிடமே கொடுக்காதீர்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். அதனால் தொடக்கத்திலேயே ஓரிருவரை எதுவும் சொல்லாமல் இரண்டாம் சுற்றுக்கு நிறுத்திவையுங்கள். அந்தச் சுற்றும் முடிந்தால் வெளியிடலாம். ஆங்கிலத்திலும் எழுதுபவர்களுக்கு ஹாலோவீனை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் எக்டோகாம்ப் என்ற ஊடாடும் கதைப் போட்டி இருக்கிறது. அதில் ஒரு பிரிவு நான்கு மணி நேரத்துக்குள் எழுதியவற்றுக்கானது. மற்றவர்களுக்கு இட்ச்.ஐஓ பக்கத்தின் பூட்டைத் திறந்தாலே போதும். நன்றிப் பட்டியலில் சோதித்தவர்களின் பெயரைப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பேய்க்கதை படித்தது வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு.