முழக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு

ஆர்ப்பாட்டத்துக்கு நாள் குறித்து, போலீஸ் ஸ்டேஷனில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்து, மைக்செட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வரும்போல. ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்பார்கள்: "அக்கா, நாலு கோஷம் எழுதிக் கொடுங்க."

எனக்குத் தொழில் தையல். ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். குடிநீர், ரோடு, நூறு நாள் வேலைச் சம்பளம் என்று 18 வருடமாக எழுதித் தருகிறேன். இதை வைத்து இனி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் எழுதியது இது: "இரண்டு மாதமாகக் குடிநீர் வழங்காமல் மக்களை அலைக்கழிக்கும் நிர்வாகத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்." தாளில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காலிக்குடத்தோடு நின்ற 40 பெண்கள் திருப்பிச் சொன்னபோது "அலைக்கழிக்கும்" வரைக்கும்கூட வரவில்லை. நடுவில் வெறும் முணுமுணுப்பு, கடைசியில் "கண்டிக்கிறோம்" மட்டும் கணீரென்று வந்தது. அன்று புரிந்தது, ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு சொல்தான். அதையே பிறகு இப்படி உடைத்தேன்:

தண்ணீர் எங்கே? தண்ணீர் எங்கே?
இரண்டு மாதத் தண்ணீர் எங்கே?
காலிக் குடங்கள் சாட்சி சாட்சி!
கண்ணைத் திறந்து பார்த்திடு!

"காலி", "கண்" என்று மோனை விழுகிறதா? அடுத்த வரி என்ன என்று யோசிக்காமலே வாயில் வந்துவிடும். "பார்த்திடு", "வழங்கிடு", "ரத்து செய்திடு" என்றெல்லாம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. தாளம் குறையும் இடத்தை நிரப்ப அந்த "இடு" வேண்டும். முடியும் ஓசையையும் கவனியுங்கள். "அரசே", "விடமாட்டோம்" இரண்டும் நீட்டிச் சொல்லத் தோதானவை, கடைசி வரிசை வரை போகும். "நிறைவேற்று" நீளாது, ஆனால் அந்த "ற்று" அடிக்கிற அடியில் நின்றுவிடும். அரசாணை எண்ணை முழக்கத்தில் வைக்காதீர்கள். அது மனுவில் இருக்கட்டும்.

எழுதியதை நான் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். மிதி தடுமாறினால் ஒரு சொல்லை வெட்டுவேன்.

எங்கள் பக்கத்தில் முழக்கத்தை நடவுப் பெண்கள்தான் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது அவர்களுக்கு வயலில் பழகியதுதானே. ஆபீஸில் அதிகாரி எதிரே நின்றால் முந்தானையைத் திருகிக்கொண்டு பேச்சே வராத பெண், அதே ஆபீஸ் வாசலில் கூட்டத்தோடு "பதில் சொல்" என்று கத்துவாள். கூட்டத்தில் அவள் குரல் தனியாகத் தெரியாது, அந்தத் தைரியம்தான். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களும் நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டுதான் நடந்தார்கள். ஏறக்குறைய 240 கிலோமீட்டர்! வாய் சும்மா இருந்தால் கால் வலி தெரிந்திருக்கும்.

யார் பெயரையும் போட்டு "ஒழிக" எழுதாதீர்கள். நாளைக்கு அதே ஆளிடம்தான் மனுவோடு போய் நிற்கப் போகிறோம். சாதி, குடும்பம், உடம்பு பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். கைதட்டல் வரும், கோரிக்கை காணாமல் போய்விடும்.

முழக்கம் போடுகிறவர் ஒருவர் போதாது, இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடட்டும். வெயிலில் கத்திவிட்டு ஐஸ் தண்ணீர் குடித்தால் மறுநாள் தொண்டை கட்டிக்கொள்ளும். பனங்கற்கண்டு கொஞ்சம் மடியில் இருக்கட்டும்.

அப்புறம், சீட்டை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒருமுறை மஃப்டியில் வந்த ஏட்டு ஒருவர் ஓரமாக நின்று எங்கள் கோஷங்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மைக் இரைச்சலில் பாதி காதில் விழவில்லை போலிருக்கிறது. மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அம்மா, அந்தச் சீட்டைக் கொஞ்சம் கொடுங்க, பார்த்து எழுதிக்கிறேன்" என்றார். எப்படியும் மேலிடத்துக்குப் போகப்போகிறது, பிழையில்லாமல் போகட்டும் என்று கொடுத்துவிட்டேன். அவர் எழுதி முடிக்கும் வரை எங்கள் ஆட்கள் "தண்ணீர் எங்கே"யையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.