ஏ.இ.டி. பெட்டி பக்கத்தில் இருந்தும் நடக்கும் தவறுகள்

விமான நிலையம், மால், விளையாட்டு அரங்கம் போன்ற இடங்களில் இதயமும் மின்னல் கீற்றும் வரைந்த பச்சைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருப்பது ஏ.இ.டி., அதாவது தானியங்கி டிஃபிபிரிலேட்டர்: தாறுமாறான இதயத் துடிப்பை மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுத்துச் சரிசெய்யும் கருவி. இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி ஒருவர் சரிந்து விழுந்தால், சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி) கூட இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் உயிர் பக்கத்தில் நிற்பவர்கள் கையில்தான்.

பலரும் முதலில் தவறுவது "மூச்சு வருதே" என்று காத்திருப்பதில். இதயம் நின்ற பிறகும் சிலருக்கு விட்டுவிட்டு, குறட்டை போன்ற ஒரு திணறல் சில நிமிடம் வரும். கைகால் வெட்டி இழுக்கவும் செய்யலாம். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைத்து, அடங்கட்டும் என்று நிற்பார்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லையா, மூச்சு இயல்பாக இல்லையா? அவ்வளவு தெரிந்தால் போதும். ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும், இன்னொருவர் பெட்டியை எடுக்க ஓடட்டும், நீங்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம்.

அடுத்தது பயம். தப்பாக ஷாக் கொடுத்துவிட்டால்? அந்த முடிவு உங்களுடையது இல்லை. பேட் (கருவியோடு இணைந்த, நெஞ்சில் ஒட்டும் தகடு) ஒட்டியதும் கருவியே துடிப்பை ஆராய்ந்து, ஷாக் பலனளிக்கும் துடிப்பாக இருந்தால்தான் அனுமதிக்கும். மூடியைத் திறந்ததும் அல்லது பட்டனை அழுத்தியதும் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும். பயிற்சி இல்லாதவரும் பயன்படுத்தலாம்.

"ஷாக் தேவையில்லை" என்று கருவி சொன்னதும் ஆள் பிழைத்துவிட்டார் என்று கையை எடுத்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வேதனை தரும் தவறு. அந்தத் துடிப்புக்கு ஷாக் உதவாது என்பது மட்டுமே அதன் பொருள். இதயம் முழுக்க நின்றிருந்தாலும் கருவி அதையேதான் சொல்லும். அவர் அசைந்து, இயல்பாக மூச்சு விடும்வரை அழுத்துவதை நிறுத்தாதீர்கள். ஷாக் கொடுத்த பிறகும் அப்படித்தான். பேட்களைக் கழற்றாமல் உடனே தொடருங்கள். சுமார் 2 நிமிடத்துக்கு ஒருமுறை கருவி மறுபடி ஆராயும். அப்போதும் ஷாக்கின்போதும் மட்டும் யாரும் அவரைத் தொடக்கூடாது.

பேட்டைச் சட்டைக்கு மேல் ஒட்டினால் பயனில்லை. ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே, வெறும் தோலில். ஈரமாக இருந்தால் துடைத்துவிடுங்கள். விழுந்தவர் பெண் என்றால் ஆடையை விலக்கச் சுற்றி நிற்பவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் போவது அவருடைய நேரம். நான்கு பேர் திரும்பி நின்று மறைத்துக்கொள்ளட்டும், பேட் ஒட்டப்பட வேண்டும். பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக்க நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் கருவி) இருந்தால் அது புடைத்துத் தெரியும் மேட்டின் மேல் ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஒட்டினால் சரி. குழந்தைக்கான பேட் இல்லாவிட்டால் பெரியவர்களுக்கானதையே ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலும் ஒட்டலாம்.

அப்புறம், கருவியை வாங்கி வைப்பவர்கள். பெரிய தொகை கொடுத்து வாங்கி, தொலைந்துவிடுமே என்று அலுவலக அறையில் பூட்டி வைக்கிறார்கள். அறை மூடியிருக்கும் மாலையிலும் விடுமுறை நாளிலும் அது இல்லாததற்குச் சமம். அமெரிக்க கேசினோக்களில் பாதுகாவலர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. ஷாக்கால் சரியாகக்கூடிய துடிப்போடு யார் கண்ணெதிரிலாவது விழுந்தவர்களில், 3 நிமிடத்துக்குள் முதல் ஷாக் பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதற்கு மேல் தாமதமானவர்களில் 49 சதவீதம். சாவியைத் தேடுவதிலேயே அந்த 3 நிமிடம் போய்விடும்.

மாட்டியதோடு மறந்துவிடுவதும் ஆபத்து. பேட்டில் உள்ள ஜெல் காய்ந்துபோகும், அதனால் காலாவதித் தேதி உண்டு. பேட்டரியும் தீரும். பொறுப்பாக ஒருவரை நியமித்து, தயார்நிலை விளக்கையும் தேதிகளையும் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். துணி வெட்டக் கத்தரிக்கோல், முடி மழிக்க ரேசர், துடைக்கத் துண்டு மூன்றும் பெட்டியோடு இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தியதும் புது பேட் மாற்றிவிட்டுத்தான் மறுபடி மாட்ட வேண்டும்.