கலந்து வாசிப்பவருக்கு ஒரு மனப்பதிவுக் கொப்பி

நாவல், வரலாறு, கவிதை, சமையற்குறிப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசிப்பவருக்கு, ஆறு மாதம் கழிந்தபின் நூலின் பெயர் மட்டுமே நினைவில் எஞ்சும். அது மனத்தை என்ன செய்தது என்பது போய்விடும். அதைப் பிடித்துவைக்க ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு) போதும்.

ஒவ்வொரு நூலுக்கும் எதிரெதிரான இரு பக்கங்களை ஒதுக்குங்கள். எங்கே சலித்தது, எந்த வரியை வீட்டாருக்கு வாசித்துக் காட்டினீர்கள் என்பவற்றை இடப்பக்கத்தில் வாசிக்கும்போதே எழுதுங்கள். நூலக நூலில் அடிக்கோடிடுவது அடுத்த வாசகருக்குச் செய்யும் அநியாயம் என்பதால், பக்க எண்ணைக் கொப்பியில் குறிப்பதே முறை. வலப்பக்கம், நூல் மனத்தை என்ன செய்தது என்பதை ஒரு வாரம் கழித்து எழுதுவதற்கு. அணிந்துரையைக் கடைசியில் வாசியுங்கள். முதலில் வாசித்தால் பிறருடைய வியப்பையே நம்முடையதென்று எழுதிவிடுவோம் (நானும் பல தடவை எழுதியிருக்கிறேன்).

எல்லா நூல்களையும் ஒரே கேள்வியால் அளப்பதுதான் பெரும் பிழை. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை'யையும் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலையும் நான் ஒரே மாதத்தில் வாசித்தேன். அரசர்களையும் குடியேற்றங்களையும் சொல்லும் முன்னதிடம் 'இதை நம்புகிறேனா, ஏன்' என்று கேட்கலாம். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோரின் போராட்டத்தைச் சொல்லும் பின்னதிடம் அந்தக் கேள்வி செல்லாது. 'எனக்கு எங்கே கூச்சம் வந்தது' என்று கேட்டபோதுதான், நான் தினமும் தேத்தண்ணீர் குடிக்கும் சந்தியே வேறாகத் தெரிந்தது. அந்தக் கூச்சத்தை மழுப்பாமல் எழுதுங்கள். 'அருமை', 'யதார்த்தம்' போன்ற சொற்கள் வந்தால் அவற்றை வெட்டிவிட்டு, அப்படிச் சொல்லவைத்த காட்சியை எழுதவேண்டும். சமையல் நூலுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. சமைத்தீர்களா, உப்புச் சரியா என்பது போதும்.

நாளையும் வேளையையும் மறவாமல் குறியுங்கள். மின்சாரம் நின்ற ஒரு சித்திரை மத்தியானத்தில் வாசித்த கவிதைத் தொகுதியை 'வறட்சி' என்று எழுதியிருந்தேன். கார்த்திகை மழையில் மறுபடி எடுத்தபோதுதான், அந்தத் தீர்ப்பில் பாதி வெயிலுடையது என்று விளங்கியது. பழைய குறிப்பை அழிக்காமல், வேறு நிறப் பேனையால் அதன் கீழே எழுதினேன். இப்படித் திரும்பிப் பார்க்க நூல் கையில் இல்லாவிட்டால், 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையச் சேமிப்பில் ஈழத்து நூல்கள் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். பதிப்பு மாறினால் பக்க எண்ணும் மாறும் என்பதால், அத்தியாயத்தையும் சேர்த்தே குறித்துவைத்திருக்க வேண்டும்.