பென்சில்வேனியாவில் தபால் வாக்கு: உறை விஷயத்தில் கோட்டை விடாதீர்கள்

2019-இல் வந்த 77-ஆம் சட்டத்துக்குப் பிறகு, பென்சில்வேனியாவில் தபால் வாக்குக்குக் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும்; அதற்குத் தேர்தலுக்கு 15 நாள் முன்புவரை அவகாசம். குடியுரிமை இல்லாமல் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் பதிவு செய்யவே கூடாது. தெரியாமல் செய்தாலும் குடியேற்ற வழக்கில் பெரும் சிக்கலாகிவிடும்.

பதிவுப் படிவத்தில் கட்சியைக் கேட்கும் கட்டத்தைச் சும்மா விடாதீர்கள். இங்கே முதனிலைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியினரும் குடியரசுக் கட்சியினரும்தான் தத்தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியும்.

தபால் வாக்கு விண்ணப்பம் தேர்தலுக்கு முந்தைய செவ்வாய் மாலை 5 மணிக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிம எண்ணோ, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கங்களோ போதும்.

வாக்குச்சீட்டோடு இரண்டு உறைகள் வரும். நிரப்பிய சீட்டை முதலில் ரகசிய உறைக்குள் வைத்து ஒட்டுங்கள். அதன்மேல் பெயரோ கிறுக்கலோ கூடாது. பிறகு அதை வெளி உறைக்குள் போட்டு, கையெழுத்தும் கையெழுத்திட்ட நாளும் எழுதுங்கள். பலர் பிறந்த தேதியை எழுதித் தொலைக்கிறார்கள். உள் உறை இல்லாத சீட்டு எண்ணப்படாது.

தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் உறை அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தபால் முத்திரைத் தேதி கணக்கில் வராது. கடைசி வாரமென்றால் நேரில் கொடுப்பதே உத்தமம். மனம் மாறி வாக்குச்சாவடிக்கே போவதானால், சீட்டையும் வெளி உறையையும் எடுத்துப்போய் ஒப்படையுங்கள். மறந்தால் தற்காலிக வாக்குதான் (பிறகு சரிபார்த்த பின்பே எண்ணப்படுவது) கிடைக்கும்.