அப்பாச்சியின் கடவுச்சொல் சோதனையைச் செயலியின் பயனர் அட்டவணையோடு இணைப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாச்சி வெப் சர்வரில், தரவுத்தளத்தைக் கேட்டுப் பயனரைச் சரிபார்க்கும் 'மாட் ஆத்என் டிபிடி' மாட்யூலை ஏற்றி, சேமித்த கடவுச்சொல் ஹேஷை எடுத்துத் தரும் ஒரு எஸ்கியூஎல் வரியை எழுதினால் இணைப்பு தயார். ஆனால் செயலியின் லாகின் பக்கம் செய்யும் வேலையில் அந்த வரி ஒரு பங்குதான்.

முதலில் ஹேஷ் வகையைப் பாருங்கள். ஹேஷ் என்பது கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்பப் பெற முடியாதபடி உருமாற்றிச் சேமிக்கும் வடிவம். அப்பாச்சிக்குத் தெரிந்தவை பிகிரிப்ட், தனக்கே உரிய எம்டி5, எஸ்ஹெச்ஏ1, இயங்குதளத்தின் கிரிப்ட் ஏற்கும் வகைகள், அவ்வளவே. பிஹெச்பி உருவாக்கும் பிகிரிப்ட் ஹேஷ் அப்படியே பொருந்தும். பைதான் கட்டமைப்பான ஜாங்கோ இயல்பாகப் பயன்படுத்தும் பிபிகேடிஎஃப்2 பொருந்தாது. சரியான கடவுச்சொல்லுக்கும் 401, அதாவது 'அடையாளம் உறுதியாகவில்லை' என்ற மறுப்பு வரும். இதற்காகப் பயனர் அட்டவணையின் இன்னொரு நெடுவரிசையில் எம்டி5 ஹேஷைச் சேமித்து வைப்பதுதான் மிக மோசமான தவறு. தரவுத்தளம் கசிந்தால் திருடுபவர் உடைப்பது அந்த நெடுவரிசையைத்தான். ஹேஷ் பொருந்தாவிட்டால் முடிவைச் செயலியிடமே விடுங்கள்: இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் 'ஆத் ரிக்வெஸ்ட்' மாட்யூல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் செயலியைக் கேட்கும், 200 முதல் 299 வரையான பதில் எண் வந்தால் அனுமதிக்கும், 401 அல்லது 403 வந்தால் மறுக்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு உள்ள செயலிக்கும் இதுவே சரி.

பயனர் பெயரை மட்டும் வைத்துத் தேடும் வரி, முடக்கப்பட்ட கணக்கையும் உள்ளே விட்டுவிடும். 'கணக்கு இயக்கத்தில் உள்ளது' என்ற நிபந்தனையும் அந்த வரியில் இருக்க வேண்டும். பயனர் பெயர் வந்து அமரும் %எஸ் குறியைச் சுற்றி மேற்கோள் போடாதீர்கள்.

அப்பாச்சியின் எளிய சரிபார்ப்பான பேசிக் முறையில் கடவுச்சொல் ஒவ்வொரு கோரிக்கையோடும் வருகிறது. 40 படங்கள் உள்ள பக்கம் என்றால் 41 முறை பிகிரிப்ட் கணக்கிட வேண்டும். வேண்டுமென்றே மெதுவாக அமைந்த அந்தக் கணக்கு சிபியுவைத் தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைக் கேட்பதையாவது தவிர்க்க, ஹேஷைச் சிறிது நேரம் நினைவில் வைக்கும் 'சோகேஷ்' மாட்யூலை இயக்கி, சரிபார்க்கும் மாட்யூல்களின் (வழங்குநர்) வரிசையில் டிபிடிக்கு முன்னால் வையுங்கள்; பிகிரிப்ட் கணக்கு அதனால் குறையாது. அதன் இயல்புக் காலம் 300 நொடி. அதாவது மாற்றிய பழைய கடவுச்சொல் மேலும் 5 நிமிடம் வரை செல்லும். அதை ஏற்க முடியாது என்றால் காலத்தைக் குறையுங்கள்.

அப்பாச்சி தரவுத்தளத்தோடு திறக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு புராசஸுக்குள் பல த்ரெட்கள் இயங்கும் அமைப்பில் ஒவ்வொரு புராசஸும் இயல்பாக 10 இணைப்புகள் வரை திறக்கலாம். 16 புராசஸ் என்றால் 160. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இயல்பு வரம்போ 151. நெரிசலில் செயலிக்கே இணைப்பு கிடைக்காமல் போகும்.

செயலியின் தரவுத்தளக் கணக்கைச் சர்வருக்குக் கொடுக்காதீர்கள். பெயரும் ஹேஷும் கணக்கின் நிலையும் மட்டும் காட்டும் ஒரு வியூ (அட்டவணையின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் தோற்றம்), அதைப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு போதும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் உள்ள கான்ஃபிக் கோப்பை ரூட் மட்டும் படிக்கும்படி 600 அனுமதியில் வையுங்கள். ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் இதில் எதையும் தொடங்கவே வேண்டாம். பேசிக் முறை கடவுச்சொல்லை அனுப்பும் பேஸ்64 வடிவம் மறைகுறியாக்கம் அல்ல.